ஃபிரெடன்ஸ்போர்க் அரண்மனை: அட்டை மாதிரி இதுவரை

டென்மார்க்கில் எஸ்ரும் ஏரிக்கரையில் அரச குடும்பத்தின் கோடைக்கால இல்லமாக எழுந்த ஃபிரெடன்ஸ்போர்க் அரண்மனையை 1:200 அளவில் அட்டையில் செய்து வருகிறேன். அந்த அரண்மனை பல கட்டங்களாக வளர்ந்தது என்பதால், மாதிரியையும் அதே வரிசையில் எழுப்புவது என்று முடிவு செய்தேன்.

சுவீடனுடன் நடந்த நீண்ட போர் 1720இல் முடிந்த கையோடு, மன்னர் நான்காம் ஃபிரெடரிக்குக்காக கட்டடக் கலைஞர் கிரீகர் கட்டத் தொடங்கிய மாளிகை இது. டேனிய மொழியில் ‘அமைதிக் கோட்டை’ என்று பொருள்படும் அதன் பெயரிலேயே போர் ஓய்ந்த நிம்மதி இருக்கிறது. நடுவிலுள்ள குவிமாட மண்டபம் 15 மீட்டர் சதுரம், 27 மீட்டர் உயரம். அதாவது என் மேசையில் 7.5 சென்டிமீட்டர் சதுரமும் 13.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டி. குவிமாடத்துக்கு மெல்லிய அட்டைப் பட்டைகளின் உட்புறத்தைப் பாதி ஆழம் மட்டும் கீறி, உருண்டைப் பென்சிலின் மேல் வளைத்து, விளிம்புகளை உள்ளிருந்து ஒட்டி, பசை காயும்வரை நூலால் கட்டி வைத்தேன். இணைப்புக் கோடு வெளியே தெரியவில்லை.

தொடக்கத்தில் இருந்த சரிவுக் கூரையை ஒட்டாமல் மூடிபோல வைத்தேன். 1741க்கும் 1744க்கும் இடையில் கட்டடக் கலைஞர் தூரா அக்கூரையை அகற்றிக் கைப்பிடிச் சுவருடன் தட்டையாக்கினார்; நானும் மூடியை எடுத்துவிட்டு அடுத்த கட்டத்தைப் பொருத்தினேன். 1753இல் இன்னொரு கட்டடக் கலைஞரான ஐக்ட்வெட் சேர்த்த நான்கு மூலைக் கட்டடங்களைப் பொருத்தியபோதுதான் குவிமாடத்தின் உயரத்துக்கு ஈடான அகலம் கிடைத்தது. அரண்மனையின் அழகில் பெரும்பங்கு அவருடையது என்பது என் எண்ணம். அவற்றின் செப்புக் கூரைகளுக்கு முதலில் பழுப்பு பூசி, காய்ந்தபின் பச்சையை ஸ்பாஞ்சால் ஒற்றினேன். விளிம்புகளில் பழுப்பு எட்டிப் பார்ப்பதால் களிம்பேறிய செம்பாகவே தெரிகிறது.

முன்முற்றம் எண்கோணம். ஒவ்வொரு மூலையும் 135 பாகையில் அமைய, கெட்டி அட்டையில் வார்ப்புரு வெட்டி, அதைச் சுற்றியே பணியாளர்களின் ஒற்றை மாடி வரிசையை நிறுத்தினேன். அங்கிருந்து நகரத்துக்குள் செல்லும் ஸ்லாட்ஸ்கேட் தெருவில், மன்னரின் விருந்தினருக்காக 1723இல் கட்டப்பட்ட ஸ்டோரே க்ரோ விடுதியின் சுவர்கள் இப்போது எழுகின்றன.

பின்புறத் தோட்டத்தில், அரண்மனையிலிருந்து விசிறியாக விரியும் சாலைகளை மட்டும் பலகையில் கோடிட்டிருக்கிறேன். நார்வே, ஃபாரோ தீவுகளின் உழவரையும் மீனவரையும் சிற்பி குருண்ட் மணற்கல்லில் வடித்த சுமார் 70 சிலைகள் அங்கே ஒரு பள்ளத்தாக்கில் வட்டப் படிமேடைகளில் நிற்கின்றன. 1:200இல் ஓர் ஆள் சோற்றுப் பருக்கை அளவுக்கே வருவான்; உடையும் கருவியும் தெரியாவிட்டால் அச்சிலைகளைச் செய்வதில் பொருளில்லை என்பதால், அப்பள்ளத்தாக்கை மட்டும் தனிப் பலகையில் 1:50 அளவில் அமைக்கப் போகிறேன்.