வியாசர்பாடியில் ஓர் உலகக் கோப்பை இரவு

2022 டிசம்பர் 18. அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதும் இறுதி ஆட்டத்தை வியாசர்பாடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே தென்காசியிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தேன். மயிலாப்பூரில் இருக்கும் சித்தியிடம் சொன்னதும், "அங்கயா? ராத்திரியிலயா?" என்றார். வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும்தான் என்று நம்ப வைத்துவிட்டார்கள். கால்பந்தும் கேரமும் பாக்ஸிங்கும் இவ்வளவு ஆழமாக ஊறிய இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது வியாசர்பாடி ஜீவா. பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தத்தின் பெயர் தாங்கிய ஸ்டேஷன் அது. அதற்கடுத்த பெரம்பூரில்தான் 1918-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் என்றால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று இந்தப் பகுதிக்கு நூறு வருடமாகத் தெரியும்.

தெருவுக்குத் தெரு கொடி. பச்சை மஞ்சள் பிரேசில் கொடிகள் தோற்ற சோகத்தோடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பாக்ஸிங் கிளப் சுவரில் முகமது அலி. கன்னத்தில் சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிந்தது. கண்களை மட்டும் யாரோ சமீபத்தில் கறுப்புப் பெயின்ட் தொட்டுத் திருத்தியிருந்தார்கள். கையுறையின் கீழே தவறான எழுத்துகளில் ஆசிரியர் தின வாழ்த்து.

அலி சென்னைக்கு வந்திருக்கிறார். 1980 தொடக்கத்தில், நேரு ஸ்டேடியத்தில், ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். வடசென்னையில் பாக்ஸிங் பேசுகிறவர்கள் அதை நேற்று நடந்தது மாதிரிச் சொல்வார்கள். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் பலரும் சொல்வதில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்த நேரம். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்க, அமெரிக்க அதிபர் கார்ட்டர் தன் தூதராக அலியை அனுப்பினார். இந்தியப் பயணத்திலிருந்து அப்படியே தான்சானியா போனார் அலி. அங்கே அவரை மடக்கிய கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவுக்கு ரக்பி அணியை அனுப்பிய நியூசிலாந்தை எதிர்த்து 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், புறக்கணித்தபோது, உங்கள் அமெரிக்கா எங்கே போயிருந்தது? அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். இதெல்லாம் தனக்குத் தெரியாது என்று அலி வெளிப்படையாகவே சொன்னார்.

1967-இல் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்தவரும் இதே அலிதான். பட்டம் போனது, மூன்று வருடத்துக்கு மேல் ரிங்குக்குள் கால் வைக்க முடியவில்லை. அப்போது விலை கொடுத்தது அவர். 1980-இல் ஓர் அரசாங்கத்தின் வாயாகப் போய் நின்றார். இரண்டும் ஒன்றல்ல என்று அந்தச் சுவரடியில் நின்றபோது எனக்குப் பட்டது. விளையாட்டில் எந்தப் போராட்டத்தைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதை யார் கேட்டார்கள்? இதற்கு விலை கொடுப்பது யார்?

சென்னைக்காரர்களான அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய டென்னிஸ் அணி 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியின் அணியோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது; கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கே போனது. இன்றுவரை இந்தியா அந்தக் கோப்பையை வென்றதில்லை. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். எங்கள் நாட்டு அணியோடு ஆடாதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்களும் அவர்களுடைய இயக்கங்களும். கேட்டவர்கள் அவர்கள், கோப்பையை விட்டுக் கொடுத்தவர்கள் நாம்.

சாயங்காலம் அத்தோ கடை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். கூட வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். அதற்காகவே இன்னொரு தரம் வரலாம்.

பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் கத்தாரில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஏஜென்டுக்குக் கட்டக் கடன் வாங்கிப் போயிருக்கிறார். சாரம் கட்டும் வேலை. "ஸ்டேடியம் இல்ல தம்பி, அதுக்குப் போற ரோட்டுப் பாலம்." போன கையோடு பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. கடைசி நாலு மாதச் சம்பளம் வரவேயில்லை.

கஃபாலா என்கிற அந்த முறையில், முதலாளி ஒப்புதல் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாமல் இருந்தது. நாட்டைவிட்டே கிளம்பவும் முடியாமல் இருந்தது. உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். 2021-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால் ஆனது. உலகக் கோப்பை கத்தாருக்குக் கிடைத்ததிலிருந்து பத்து ஆண்டுகளில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்ததாக கார்டியன் பத்திரிகை கணக்குச் சொன்னது. எல்லாருமே ஸ்டேடியத்தில் இறந்தவர்கள் இல்லை. பலருடைய சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று போட்டுப் பெட்டியை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு நட்டஈடு கேட்க அந்த ஒரு வார்த்தையே தடையாகிவிடுகிறது. பரிசுத் தொகைக்குச் சமமாக 44 கோடி டாலரைத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கச் சொல்லி மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி ஃபிஃபாவைக் கேட்டது. இறுதி ஆட்டம் வரைக்கும் அது நடக்கவில்லை.

"இந்தப் போட்டியையே புறக்கணிக்கணும்னு நிறைய பேர் சொன்னாங்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

"மேட்ச்ச நிறுத்துனா எனக்கு இன்னா வரப் போவுது? நின்னுபோன சம்பளத்த வாங்கிக் குடுக்கச் சொல்லு, அது நாயம்" என்றார். அப்புறம், "வா, மேட்ச்சுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார்.

எட்டரை மணிக்கு ஆட்டம். தெருவை மறித்து வெள்ளைத் துணியில் ப்ரொஜெக்டர். ஆட்டத்தைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது? 3-3, பிறகு பெனால்டியில் 4-2. எம்பாப்பே மூன்றாவது கோல் போட்டபோது அர்ஜென்டினாக்காரர்களே கைதட்டினார்கள். லூசைல் மைதானத்தை மேலிருந்து காட்டும்போதெல்லாம் கத்தாரிலிருந்து திரும்பிய அவர் மட்டும் ஆட்டத்தை விட்டுவிட்டு, கேமராவின் ஓரத்தில் தெரிகிற ரோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முல்லை நகர் மைதானம். ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகியும் பிள்ளைகள் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் இளைஞர் ஒருவரோடு பேச்சு கத்தாரிலிருந்து இலங்கைக்குத் தாவியது. 2012-இல், கொழும்பு ராயல் கல்லூரி மாணவர்கள் நேரு ஸ்டேடியத்தில் ஒரு நட்பு ஆட்டம் ஆடினார்கள். முதல்வர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். அனுமதி கொடுத்த அதிகாரி சஸ்பெண்ட் ஆனார். அந்தப் பள்ளியில் தமிழ் வழியிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு நியாயம் கேட்கிற எனக்கு, பந்தோடு வந்த பள்ளிப் பையன்களை விரட்டியது அன்றைக்கும் பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அவர் அதை ஒத்துக்கொண்டார். "ஆனா அத்லெடிக்ஸ் வேற அண்ணே" என்றார். 2013-இல் ஆசியத் தடகளப் போட்டி சென்னையில் நடக்க இருந்தது. இலங்கை அணி வரும் என்பதால் தமிழக அரசு மறுத்துவிட, அது புனேக்குப் போனது. மாணவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்ணாவிரதம் இருந்த வருடம் அது, இவரும் இருந்திருக்கிறார். "ஸ்கூல் பையன் வேற, நாட்டுக் கொடியோட வர்ற டீம் வேற."

போட்டி கைவிட்டுப் போனதில் நட்டம் இங்கே ஓடிப் பழகிய பிள்ளைகளுக்குத்தானே, என்று கேட்டேன்.

"நான் அப்ப நானூறு மீட்டர் ஓடிக்கினு இருந்தேன் அண்ணே. ஆசியாவோட பெரிய ஆளுங்கள கிட்டத்துல பாக்கலாம்னு இருந்தேன், முடியல. அன்னிக்கும் சரின்னுதான் சொன்னேன், இன்னிக்கும் சரின்னுதான் சொல்வேன்" என்றார்.