தனிக் கூண்டு

"கால் கூடிடும், சரி. அதுவரைக்கும் கோழி இருக்குமா டாக்டர்?" கால் முறிந்த கோழியைத் தூக்கி வந்த அம்மா கேட்டது இதுதான். "தனியா வெச்சாத்தான் இருக்கும்" என்றேன். இன்று யார் கேட்டாலும் பெரும்பாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில்தானா என்பது இன்னும் உறுத்துகிறது.

கோழி நொண்டினால் எல்லோரும் அடிபட்டுவிட்டது என்றே தூக்கி வருவார்கள். எனக்கு முதலில் மாரெக்ஸ் நோய்தான் நினைவுக்கு வரும், நரம்பைத் தாக்கிக் காலை முடக்கும் வைரஸ் நோய். ஒரு கால் முன்னேயும் ஒரு கால் பின்னேயுமாக நீட்டிக் கிடந்தால் பெரும்பாலும் அதுதான், கட்டுப்போட்டுப் பயனில்லை. அந்த அம்மாவின் கோழி அப்படியில்லை. பாதத்தில் விரலை வைத்ததும் இறுகப் பற்றிக்கொண்டது. கெண்டைக்கால் எலும்பு முறிந்திருந்தது, தோல் கிழியவில்லை. துண்டில் சுற்றி அவர் மடியில் பிடித்துக்கொள்ள, தப்பை வைத்துக் கட்டினேன். "நெஞ்சை அழுத்தாதீங்கம்மா" என்றேன். கோழிக்கு நம்மைப்போல நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்தே கொன்றுவிடுகிறவர்கள் உண்டு. அவர் பிடியில் அது கண்ணை மூடிக்கொண்டது. நிம்மதியா, வலியா? கோழி வலியை லேசில் காட்டாது.

பறவை எலும்பு சீக்கிரம் கூடும், எளிய முறிவுக்கு மூன்று வாரம் பெரும்பாலும் போதும். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே வாங்க, மெத்தென்று வைக்கோல் போடுங்க, உட்கார்ந்தே கிடந்தால் நெஞ்சில் புண் வரும், தண்ணீர் அலகுக்கு எட்டணும், மருந்து கொடுப்பதால் நான் சொல்லும்வரை முட்டையைச் சாப்பிடாதீங்க. எல்லாம் சொன்னேன். மற்றவற்றோடு விடாதீர்கள் என்பதை அழுத்தியே சொன்னேன். நொண்டும் கோழியை மற்றவை கொத்தும். ரத்தம் கண்டால் விடவே விடாது.

கட்டு மாற்ற வந்தபோது கால் நன்றாக இருந்தது. கோழிதான் பாதியாகியிருந்தது, நெஞ்செலும்பு கத்திமுனைபோலக் கையில் தட்டியது. "தீனியைத் தொடவே மாட்டேன்னுடுச்சு டாக்டர். அப்புறம் நானாத்தான் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அதோட சுத்திக்கிட்டிருந்த பெட்டையை விட்டேன். அது கொத்தறதைப் பார்த்து இதுவும் ரெண்டு கொத்து கொத்துது." ஏதோ தப்புச் செய்தவர்போலச் சொன்னார்.

"பரவாயில்லை" என்றேன்.

அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். வழி கண்டுபிடித்தவர் அவர், அனுமதி கொடுத்தவன் நான்! ஒன்று மேய்ந்தால் பார்த்து மற்றதும் மேயும் என்பதோ, பிரித்து வைத்த கோழியைத் திரும்பச் சேர்க்கும்போது அடிதடி நடக்கும் என்பதோ எனக்குத் தெரியாததில்லை. அதே சமயம், கொத்துப்பட்டுச் சாகும் கோழிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர் பார்த்ததில்லை. வலைக்கண் பெரிதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தனிமையால்தான் இளைத்தது என்பதற்கும் என்ன நிச்சயம்? வலி குறைந்ததால்கூடத் தீனி எடுக்கத் தொடங்கியிருக்கலாம்.

இப்போதெல்லாம் தனியாக வைக்கச் சொன்னாலும், நடுவில் வலைத்தடுப்பு வைக்கலாமே என்று நானாகவே சொல்கிறேன். ஆனால் அண்மையில் தோல் கிழிந்து எலும்பு தெரிய ஒரு கோழி வந்தது. "வலையெல்லாம் வேண்டாம், கண்ணில் படாமல் தனியா வெச்சிடுங்க" என்றேன். கொண்டுவந்தவர் "சரிங்க டாக்டர்" என்று மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்த்து ஏதாவது கேட்டிருக்கலாம்.