காலிக் கூடுகளை எண்ணும் வேலை

லெம்மிங் ஆராய்ச்சியில் உதவியாளன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கூட்டமாப் போய் மலையிலிருந்து குதிச்சுச் சாகுமே, அந்த எலியா?" அதே எலிதான். ஆனால் குதிக்காது. 1958-இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக, கடலே இல்லாத ஆல்பர்ட்டாவுக்கு லெம்மிங்குகளை விலைக்கு வாங்கிப்போய், ஆற்றங்கரை மேட்டிலிருந்து விழவைத்துப் படம் பிடித்தார்கள். அதற்கு ஆஸ்கர் வேறு!

வடகிழக்கு கிரீன்லாந்தில் என் வேலை, பனி உருகியதும் அவற்றின் குளிர்காலக் கூடுகளைத் தேடி எண்ணுவது. லெம்மிங் குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கிடக்கும் பிராணி அல்ல. பனிக்கு அடியில், தரையை ஒட்டி வளைதோண்டி, தின்று, குட்டியும் போடும். இங்குள்ள இனம் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். முன்னங்காலில் இரண்டு நகங்கள் மண்வெட்டிபோலத் தடித்து வளரும். கோடையில் நமக்கு மிஞ்சுவது வெட்டவெளியில் கிடக்கும் காய்ந்த புல் உருண்டைகள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய புழுக்கைகளோடு பொடிப் புழுக்கையும் இருந்தால் அங்கே குட்டிகள் வளர்ந்திருக்கின்றன. எழுதி முடித்ததும் கூட்டைக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அதையே எண்ணித் தொலைப்போம்.

முதல் வாரம் ஒரு தவறு செய்தேன். உள்ளே மெத்தென்று முடி பரப்பிய சில கூடுகளைப் பார்த்து, லெம்மிங் தன் முடியாலேயே மெத்தை போட்டிருக்கிறது என்று சாதாரணக் கூடுகளின் கணக்கில் சேர்த்தேன். குழுவின் மூத்தவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "அத்தனையையும் போய்த் திரும்பப் பாருங்க" என்றார். முடி லெம்மிங்குடையதுதான். மெத்தை போட்டது ஸ்டோட். கீரியைப்போல ஒல்லியான அந்த வேட்டையாடி பனிக்கடியில் வளைக்குள்ளேயே நுழைந்து, வீட்டுக்காரரைத் தின்று, அவர் முடியிலேயே படுத்துத் தூங்கும். இரண்டு நாள் திரும்ப நடந்தேன். காற்றில் அந்த முடி விரலில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

லெம்மிங் பெருகும் வருடத்தில் பனி ஆந்தை முட்டையிடும், நீளவால் ஸ்குவா என்ற கடற்பறவை குஞ்சு பொரிக்கும், துருவ நரி நிறையக் குட்டி போடும். குறைந்த வருடத்தில் ஆந்தை வேறிடம் தேடிப் போய்விடும். ஸ்குவா வந்து உட்கார்ந்துவிட்டு முட்டையிடாமலே திரும்பும். நரி பறவை முட்டைகளைத் தேடி அலையும். இந்தப் பகுதியில் ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்த பெருக்கம் 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. பனி தாமதமாக விழுந்து சீக்கிரம் உருகுவதுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கடைசி நாள் மேட்டுப் பாறை ஒன்றில் உட்கார்ந்தேன். அதன் உச்சி மட்டும் ஆரஞ்சு நிறம். பல தலைமுறை ஆந்தைகள் உட்கார்ந்து எச்சமிட்டதில் செழித்த கற்பாசி அது. ஆந்தை இல்லை. அடியில் அது கக்கிய பழைய உருண்டை ஒன்று கிடந்தது. உடைத்தேன், தாடை எலும்புகள். பழக்கதோஷத்தில் எண்ணினேன். நான்கு லெம்மிங்.