மச்சான் வண்டி

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு வண்டி சாலையில் இறங்கியது. நாலு முப்பத்தேழுக்கு நின்றது. நடுவில் இருந்த ஏழு நிமிடமும் நான் கழுத்தில் மாலை விழுந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். மாலை எப்படிக் கழன்றது என்பதைச் சொல்லத்தான் கெண்டைச்சதைக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் புதுப்பிக்கும் இந்த வண்டிப் புராணத்தை மூன்று வருடமாகக் கேட்டு உங்களுக்கே அலுத்திருக்கும். வீட்டில் அலுப்பு என்ற கட்டமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. பிஸ்டன் ஷோகேஸில் சின்னவள் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. கிராங்க் ஷாஃப்ட்டைப் பழைய துண்டில் சுற்றி துணி அலமாரியில் வைத்திருந்தேன். துருப்பிடிக்கக் கூடாது இல்லையா? எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டை மட்டும் தொலைந்துவிடாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும் என்று யோசித்து, அம்மாவின் மாத்திரை டப்பாவில் வியாழக்கிழமை ராத்திரி என்று எழுதிய கட்டத்தில் வைத்தேன். அந்த வியாழக்கிழமை அம்மா அதைக் கையில் எடுத்து, "இது புதுசா எழுதிக் குடுத்ததா? கனமா இருக்கே" என்று கேட்டாள். கேட்டதால் அவளும் தப்பித்தாள், ஜெட்டும் தப்பித்தது. அதற்கு அப்புறம் என் மனைவி என்னோடு பேசிய முதல் வார்த்தை அடுத்த வியாழக்கிழமைதான் வந்தது.

டாங்க் கதை தனி. பெட்ரோலை வருடக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் அது பெட்ரோலாக இருக்காது. பிசின் மாதிரி ஆகிவிடும், வாடையும் மாறிவிடும். இப்போது வரும் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை வேறு இழுத்துக்கொள்ளும். எங்கள் டாங்க் இந்த இரண்டு காலத்தையும் பார்த்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் குகை ஓவியம் மாதிரி இருந்தது. துருவை எடுக்கப் பழைய செயின் துண்டு ஒன்றை உள்ளே போட்டு, தினமும் ராத்திரி அரை மணி நேரம் மடியில் வைத்துக் குலுக்கினேன். ஆறு வாரம். சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவளை இவ்வளவு நேரம் மடியில் வைத்து ஆட்டியதில்லை என்று இவள் சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஒருநாள் வாஷிங் மெஷினை ஒரு பார்வை பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாள் முதல் அந்த அறைக்குப் பூட்டு வந்துவிட்டது.

டயரில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-ஆம் வருடம் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. மூன்றே எண் இருந்தால் அது 2000-க்கு முந்தைய சரக்கு. எங்கள் வண்டியில் இருந்ததில் மூன்று எண். சின்னவளைவிட மூத்த டயர். "அப்போ இதை நான் அண்ணான்னு கூப்பிடணுமா?" என்றாள்.

எல்லாம் பூட்டி முடித்தபோது ஒரு நட்டுகூட மிச்சம் இல்லை. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் நான் கழற்றி மாட்டிய எதிலும் ஒன்றிரண்டு மிஞ்சாமல் இருந்ததில்லை. மிக்ஸியில்கூட மிஞ்சியது, அது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

இனி மச்சானுக்கு வருகிறேன்.

வண்டி ஒரு காலத்தில் அவருடையது, மறுக்கவில்லை. "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது மாப்ள, எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்று கொடுத்தவரும் அவர்தான். கொடுக்கும்போது அதில் சிலந்தியும், சிலந்தியைத் தின்று வளர்ந்த பல்லியும் இருந்தன. நான் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன், ரிங், ஆயில் சீல், பேரிங், காயில், கண்டென்சர், கிளட்ச் தட்டு, கேபிள், ஒயர், ஸ்போக், சீட் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அவர் கொடுத்ததில் இன்று ஓடுவது சேஸிஸ் நம்பர் மட்டும்தான். ஆனாலும் வீட்டில் அதன் பெயர் மாறவில்லை. இவளுக்கு "அண்ணன் வண்டி". சின்னவளுக்கு "மாமா வண்டி". எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் என் முட்டியையும் முகத்தையும் பூசியிருக்கும் கிரீஸைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "உங்க மச்சான் வண்டி எந்த மட்டுல இருக்கு?"

சரி, நேற்றைக்கு வருவோம்.

எங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு நாற்பது மில்லி என்று, சின்னவள் குழந்தையாக இருந்தபோது இருமல் மருந்து ஊற்றின பத்து மில்லி மூடியால் நாலு நாலாக எட்டு தடவை அளந்து, இரண்டு லிட்டர் கலந்தேன். கிக்கரும் கியரும் ஒரே லிவர். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், மடக்கினால் கியர். பதினேழாவது உதையில் எடுத்தது. புகை கிளம்பியது பாருங்கள், எதிர்வீடு காணாமல் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரரின் இருமலை வைத்துத்தான் தெரு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. என்ன சத்தம்! சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தவர்கள் எல்லாரும் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். நேற்றும் வாசலுக்கு வந்தார்கள், மெதுவாக. நாலாவது கியர் போட்டதும் எனக்கு முடி முளைத்த மாதிரிகூட இருந்தது.

மூன்றரை கிலோமீட்டரில் தும்மியது. இன்னொரு தும்மல். அப்புறம் அமைதி.

பதறவில்லை. பையில் எல்லாச் சாமானும் இருந்தன. எஞ்சினுக்குள் தீப்பொறி விடுகிற பிளக்கைக் கழற்றினேன். பொன்னிறமாக வறுத்தெடுத்த மாதிரி பழுப்பு. கலவை சரியாக இருந்தால்தான் அந்த நிறம் வரும். ஐந்து நிமிடம் அதை ரசித்தேன். பிளக் எலும்பு மாதிரி காய்ந்தும் இருந்தது. பெட்ரோலே வரவில்லை என்று பாவம், அது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது பிளக் மாட்டி உதைத்தேன். எடுத்தது! ஆகக் கோளாறு பிளக்கில்தான். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டேன்!

இன்னொரு மூன்று கிலோமீட்டர். தும்மல், அமைதி.

இந்தத் தடவை பாயிண்ட், அதாவது பிளக்குக்குத் தீப்பொறியை நேரம் பார்த்து அனுப்புகிற சுவிட்ச். மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். மயிரிழை கூடுதல் மாதிரி பட்டது. சரிசெய்து, உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து மாட்டினேன். எடுத்தது! பிளக்கும் பாயிண்டும் சேர்ந்து செய்த சதி. வீட்டுப் பக்கமாகத் திருப்பினேன்.

மறுபடி நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு மிடறு பெட்ரோல்கூட இல்லை. ஜெட்டில் தூசி என்று தீர்ப்பு எழுதினேன். வாயில் வைத்து ஊதினேன், அம்மா விழுங்காமல் விட்ட அதே ஜெட். கால் மணி நேரம் கழித்து மாட்டி உதைத்தேன். எடுத்தது!

கவனியுங்கள். மூன்று தடவையும் நான் வெவ்வேறு நோய்க்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் நோயாளி எழுந்து நடந்திருக்கிறான். இப்படி ஒரு வைத்தியனுக்குத் திமிர் ஏறாமல் என்ன செய்யும்?

நாலாவது தடவை நின்றபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. பழைய வண்டி நடுவழியில் நின்றால் வைத்தியர்கள் மண்ணிலிருந்து முளைக்கிறார்கள். ஒருவர் இதே வண்டி தன்னிடமும் இருந்தது என்றார், ஆனால் அது வேறு வண்டி. இன்னொருவர் சைலன்ஸரில் கார்பன் என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் ஹாரனை மட்டும் அமுக்கிப் பார்த்தார். ஒரு பையன் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அங்கிள், இதுக்கு சார்ஜ் எங்க போடுவீங்க?" என்று கேட்டான். எல்லாரும் கேட்ட ஒரே பொதுக் கேள்வி, "பெட்ரோல் இருக்கா?" மூன்று வருடம் எஞ்சினைக் கட்டியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அந்தக் கோபத்திலேயே நான் டாங்க் மூடியைத் திறக்கவில்லை. வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினேன். களக் களக் என்றது. "கேட்டுக்குங்க" என்றேன்.

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தபோது டைம்லரின் மகன் ஞாபகம் வந்தான். 1885-இல் டைம்லர், மைபாக் என்ற இரண்டு ஜெர்மன் எஞ்சினியர்கள் மரச்சட்டத்தில் ஒரு எஞ்சினை வைத்து உலகத்தின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 264 சிசி, அரைக் குதிரை சக்தி. டைம்லரின் மகன் பவுல் அதை ஓட்டிக்கொண்டு போனபோது, அடியிலிருந்த எஞ்சின் சூட்டில் சீட் தீப்பிடித்துக்கொண்டது. என் சீட் எரியவில்லை. அந்த மட்டில் நூற்று நாற்பது வருடத்தில் மனிதகுலம் முன்னேறித்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். இவள் "சரி" என்று வைத்துவிட்டு உடனே அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எல்லா அவசரப் போனும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

மச்சான் ஸ்கூட்டரில் வந்தார். சத்தமே இல்லாத ஸ்கூட்டர். இறங்கி, வண்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அந்த நாகரிகம் அவருக்கு உண்டு. நேராகப் போய் டாங்க் மூடியைத் திருகினார்.

புஸ்ஸ்ஸ்.

தெரு முழுக்கக் கேட்டது.

"மூடிக்கு மூச்சு விட ஓட்டை இருக்குமே மாப்ள. அடைச்சுட்டீங்களா?"

அடைத்துவிட்டேன். பழைய வாஷர் நொறுங்கிப்போனதால், டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி நானே புதிதாகச் செய்து போட்டிருந்தேன். அவ்வளவு கச்சிதமான வட்டத்தை வேறு எங்கேயும் வெட்டியதில்லை, போட்டோ எடுத்து உங்களுக்கெல்லாம் அனுப்பினேன். நடுவில் குண்டூசி முனை அளவு ஒரு துளை போட வேண்டும், அது மட்டும்தான் போடவில்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்க் பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கிண்ணத்தில் இருப்பது தீர்ந்ததும் எஞ்சின் செத்துவிடும். சும்மா நிறுத்திவைத்தால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று நுழையும், கிண்ணம் நிரம்பும், மறுபடி மூன்று கிலோமீட்டர். அந்த நேரத்தில் நான் பாயிண்டைத் தேய்த்தாலும் ஒன்றுதான், பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருந்தாலும் ஒன்றுதான்.

வாஷரை உருவி என் கையில் கொடுத்துவிட்டு மூடியைத் தளர்வாகத் திருகினார். அப்புறம் உடனே உதைக்கவில்லை. டாங்கின் வலது பக்கம் முட்டி படும் இடத்தில் கட்டைவிரலால் தடவினார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, திரும்பவும் அதே இடம்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே."

இருந்தது. கட்டைவிரல் பதிகிற அளவு ஒரு ஒடுக்கு. மூன்று தடவை பட்டி பார்த்து, தேய்த்து, இருந்த தடமே தெரியாமல் பெயின்ட் அடித்திருந்தேன். என் வேலையிலேயே அதுதான் சிறப்பு என்று நினைத்திருந்தேன்.

"பட்டி பார்த்துட்டேன் மச்சான்."

"நல்லாத்தான் பார்த்திருக்கீங்க" என்றார். விரலை எடுக்கவில்லை. எப்படி விழுந்த ஒடுக்கு என்று கேட்கலாமா என்று தோன்றியது. மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. அதற்குள் சைலன்ஸர் கார்பன்காரர், "ஹாஃப் சோக் போட்டு அடிங்க" என்று குரல் கொடுத்துவிட்டார்.

சோக்கும் போடவில்லை. செருப்புக் காலால், ஒரே உதை. டாக்டர் முட்டியைப் பார்த்து நடங்கள் என்று சொல்லியிருக்கிற மனிதர். கூட்டம் கைதட்டியது. எனக்கு, மூன்று தடவை ஸ்டார்ட் செய்தவனுக்கு, ஒரு தட்டுகூடக் கிடையாது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடட்டுமா மாப்ள?"

அறுபத்து மூன்று வயதில் ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? தலையாட்டினேன். போனார். சத்தம் தெருமுனையில் திரும்பியது. மூன்றாவது கியரை ரொம்ப நேரம் இழுத்துத்தான் நாலாவது போட்டார். எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம் அப்படித்தான் இழுப்பார், அந்தக் காலத்தில். அப்புறம் சத்தம் கேட்கவில்லை. கூட்டமும் கலைந்தது. பையன் மட்டும் நின்றான், அவனும் போய்விட்டான்.

இருபது நிமிடம் கழித்து இவளிடமிருந்து போன்.

"ஏங்க, அண்ணன் வண்டி என்ன அருமையா ஓடுது! வாசல்ல வந்து நிக்குது, தெருவே கூடியிருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

ஸ்கூட்டரைப் பார்த்தேன். சாவி மச்சானின் சட்டைப் பையில்.