வீட்டுக்கு எவ்வளவு பவரான கம்ப்யூட்டர் வேண்டும்? நான் முடிவு செய்த விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் இருந்தது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன மெஷினில் அடுத்தவர் கணக்கை வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் புதுசு வாங்குவது என்று முடிவானது. சிவில் படிக்கும் மகளுக்கு, வரைபடம் போடும் ஆட்டோகேடும் ஓட வேண்டும்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டதுமே, "ஐ7 போட்டுக்கங்க சார், கிராபிக்ஸ் கார்டும் சேர்த்துடலாம், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார்கள். நல்ல மெஷின்தான். ஆனால் எங்களுக்கு அது தேவையா என்று பழைய மெஷினிடமே கேட்டுவிடலாமே என்று வீட்டுக்கு வந்தேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணக்கு எழுதும் டேலி, எக்செல், குரோமில் ஜிஎஸ்டி தளம் என்று வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வைத்துப் பார்த்தேன். சிபியு, அதாவது பிராசஸர், 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை, மெமரி, அதாவது ரேம், 90-க்கு மேல், டிஸ்க் 100-லேயே நிற்கிறது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், அதுவோ சுழலும் டிஸ்க், அங்கேதான் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றது. இத்தனை பழைய ஐ3-யே திணறாத வேலைக்கு ஐ7 எதற்கு? பணத்தை ரேமிலும், சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியிலும் போடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆட்டோகேடுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம்தான், அதனால் 16. இதில்தான் எனக்கு ரொம்ப நேரம் போனது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திரைக்கான வேலையும் ரேமையே பகிர்ந்துகொள்ளும், அப்போது ஒரே 16-ஐ விட இரண்டு 8 ஜோடியாகப் போடுவது வேகம். ஆனால் எல்லாப் பாகங்களையும் மாட்டும் மதர்போர்டில் விலை குறைந்த எச்610 வகையில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட், இரண்டும் நிரம்பிவிட்டால் பின்னால் கூட்ட வழியில்லை, போட்டதைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்து நான்கு ஸ்லாட் உள்ள பி760 போர்டு எடுத்தேன். பிராசஸருக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததை இங்கே போட்டதில் எனக்கு முழுத் திருப்தி. எஸ்எஸ்டி 512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பிராசஸர் ஐ5-12400, ஆறு கோர். அடுத்த கடையில் கொடுத்த கொட்டேஷனில் 12400எஃப் என்று இருந்தது. அந்த எஃப் இருந்தால் உள்ளேயே வரும் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு மாட்டாமல் திரையில் ஒன்றும் வராது. எஃப் இல்லாததே வேண்டும் என்று சொல்லி மாற்றினேன். மகள் கல்லூரியில் பெரிய 3டி மாடல், ரெண்டரிங் என்று ஆரம்பித்தால் அப்போது கார்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அதற்காக பவர் சப்ளையை மட்டும் நல்ல கம்பெனியாக, 550 வாட்டாக எடுத்தோம்.

யுபிஎஸ்ஸும் சேர்த்தே வாங்கினோம், டேலி ஓடும்போது கரன்ட் போனால் டேட்டா கெட வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி என்பதால் பில்லில் மாடல் எண்ணை முழுசாக எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பெட்டியில் உள்ள எண்ணோடு அதை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.