போஸ்டரில் யார் பெயர் முதலில்?

மதுரையில் ஒருவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். காதணி விழாவோ, புதுமனை புகுவிழாவோ, கண்ணீர் அஞ்சலியோ, போஸ்டர் இல்லாமல் இங்கே எதுவும் நடப்பதில்லை. போஸ்டர் என்றால் பெயர்கள். பெயர்கள் என்றால் சண்டை. அந்தச் சண்டை நடக்கிற இடத்தில்தான் எனக்கு வேலை. மேல மாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் சொல்லச் சொல்ல, கோரல் டிரா என்ற மென்பொருளில் பெயர்களை ஏற்றுவதும் இறக்குவதும்தான் பிழைப்பு.

"தாய்மாமன் பேரு கீழ போயிருச்சு பாருங்கண்ணே, மேல ஏத்துங்க."

"சித்தப்பா போட்டோ கொஞ்சம் பெருசாத் தெரியுதே. எங்கப்பா பாத்தா அம்புட்டுத்தான்."

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பிள்ளையை மடியில் உட்கார வைத்துக் காது குத்தவிடுவது தாய்மாமன். சீர் கொண்டுவருவதும் அவர். தன் பெயர் முதலில் வரவேண்டும் என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று பிடிபட்டுவிடும். பன்னிரண்டு பாயிண்ட் எழுத்துக்கும் பதினெட்டு பாயிண்ட் எழுத்துக்கும் நடுவில் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு வலிக்க முடியும் என்பது.

வலி அவர்களோடு நின்றுவிடுவதில்லை. இந்த வேலைக்கு வருபவனுக்குச் சீக்கிரமே கழுத்து வலியும் எரிச்சலும் வந்துவிடும். ஒரு டிசைனை முடித்து நிமிர்வதற்குள் வாட்ஸ்அப்பில் நாலு திருத்தம் வந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் யாராவது திறந்துவிட்டு, "என்னண்ணே, இங்கிலீஷ்ல கிறுக்கி அனுப்பியிருக்கீங்க" என்று போனில் கத்துவார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்த பின்னணியைப் பார்த்துவிட்டு, "சிவப்பும் மஞ்சளுமா, பளிச்சுனு போடுங்க" என்பார்கள். கழுத்துக்கு வைத்தியம் உண்டு. எரிச்சலுக்கு எங்கே போவது?

எங்கள் முதலாளி மனவளக்கலை என்ற தியானப் பயிற்சி பழகியவர். "தம்பி, நீ ஒரு தடவை வந்து பாரு" என்று மன்றத்துக்குக் கூட்டிப்போனார். அந்தப் பயிற்சியை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அதனாலோ என்னவோ, அவர் வகுத்த அகத்தாய்வு என்ற தன்னாராய்ச்சியில் ஒரு தொழிலாளிக்குப் புரிகிற ஒழுங்கு இருக்கிறது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று போய் 'நான் யார்' என்ற கேள்வியில் நிற்கும். சினத்துக்கு ஒரு பட்டியல் போடச் சொல்வார்கள்: யார்மேல் கோபம் வருகிறது, எதற்காக வருகிறது. என் பட்டியலில் வீட்டு ஆட்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்ற எல்லாரும் கடைக்கு வந்து காசு கொடுத்துவிட்டுப் போனவர்கள். முதலாளி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரையும் தவிர்த்தா நம்ம கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார்.

அந்தப் பட்டியல் எனக்கு உண்மையிலேயே பிரயோஜனப்பட்டது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், காரணம் ஒன்றாகவே இருந்தது. நான் செய்ததை ஒருவர் மாற்றச் சொல்கிறார், அவ்வளவுதான். தாய்மாமனுக்கு பாயிண்ட் சைஸில் வலித்தது எனக்கு டிசைனில் வலித்தது.

அச்சகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே, ஜவுளியும் பாத்திரமும் வாங்க வருகிற கூட்டத்துக்கு நடுவில் ரமண மந்திரம் என்ற தியானக்கூடம். ஒரு காலத்தில் அது வீடு. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1892-ல் அப்பா இறந்தபின் சித்தப்பா சுப்பையர் குடும்பத்தோடு வளர்ந்து, மதுரையில் பள்ளிக்கூடம் போன பையன். 1896 ஜூலை வாக்கில், பதினாறு வயதில், இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது திடீரென்று சாவு பயம் வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. பயந்து ஓடி யாரையும் கூப்பிடாமல், பிணம்போல் விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை மூடிக்கொண்டு பார்த்தான். சரி, உடம்பு செத்துவிட்டது, இப்போது செத்தது நானா? ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, வீட்டைவிட்டுக் கிளம்பி செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பிறகு ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது.

நான் அங்கே போக ஆரம்பித்தது பக்தியால் என்று சொல்லமாட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைவீதியில் சத்தமில்லாத இடம் வேறு கிடையாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடினால் கொஞ்ச நேரத்துக்கு சிவப்பும் மஞ்சளும் ஓடும், அப்புறம் தூக்கம் வரும். தியானம் செய்தால் வேலைத்திறன் கூடும், சம்பளம் கூடும் என்று இப்போது வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் கூடவில்லை. அங்கே கிடைத்தது ஒரே ஒரு கேள்வி. எண்ணம் எழும்போது அதன் பின்னால் ஓடாதே, 'இது யாருக்கு வந்தது' என்று கேள். 'எனக்கு' என்று பதில் வரும். அந்த 'நான்' யார் என்று பார். ரமணர் சொன்ன விசாரணை சுருக்கமாக இவ்வளவுதான். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டு வந்தவர்களை அவர் விடச் சொன்னதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சம்பளக்காரனுக்கு ஏற்ற சாமியார்.

சொல்வது சுலபம். ஐந்தாவது திருத்தம் வரும்போது 'இந்தக் கோபம் யாருக்கு' என்று கேட்டால், 'எனக்குத்தான், பின்னே யாருக்கு, இந்த ஆளுக்கா' என்று உள்ளேயிருந்து அதே கோபத்தோடு பதில் வரும். கோபம் தலைக்கேறியபின் இந்தக் கேள்வி வேலைக்கு ஆகாது. பழக்கம் இல்லாதவன் கையில் அது வெறும் வசனம். சின்ன விஷயங்களில்தான் முதலில் பிடித்துப் பழக வேண்டியிருந்தது. டீ ஆறிப்போனதற்கு வருகிற சலிப்பு, நம் டிசைனைப் பக்கத்துக் கடைக்காரன் சுட்டுப் போட்டதைப் பார்க்கும்போது வருகிற கடுப்பு, ஒருவர் "சூப்பர்ண்ணே" என்றதும் நிமிர்கிற முதுகு. இந்தக் கடைசிதான் பிடிபட ரொம்ப நாள் ஆனது. திட்டு வாங்கும்போது 'நான்' எங்கே இருக்கிறது என்று தேடுபவன், பாராட்டு வரும்போது தேடுவதில்லை.

ஒரு ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அவர்கள் அப்பா இறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. விடிவதற்குள் தெருவில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாக வேண்டும். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு படம், பேத்தியின் காதணி விழாவில் செல்போனில் எடுத்தது. பெரியவர் கேமராவைப் பார்க்கவில்லை, பந்தியில் எதிரே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் தோள்மேல் இன்னொருவருடைய கை, மோதிரத்தோடு. அந்தக் கையை எடுக்க வேண்டும், பின்னாலிருக்கிற பந்தல் துணியை எடுக்க வேண்டும், கை இருந்த இடத்தில் சட்டையை உண்டாக்க வேண்டும். பிறந்த தேதி கேட்டேன். ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருந்தது. "அது பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்ட தேதிண்ணே. வருசம் மட்டும் போடுங்க" என்றார் மூத்தவர். தோற்றம், மறைவு என்று இரண்டு பக்கமும் போட்டேன்.

மகன்கள் பெயர் போடும்போது மூத்தவர் போன் பேச வெளியே போனார். இளையவர் என் காதருகே குனிந்து, "அண்ணன் பேரு மேல இருக்கட்டும், அதுதான் மொற. சைஸ் மட்டும் ரெண்டும் ஒண்ணாப் போட்டுருங்கண்ணே" என்றார். அழுது வீங்கிய கண்ணோடுதான் கேட்டார். முன்பாக இருந்தால் மனதுக்குள் சிரித்திருப்பேன், டீக்கடையில் சொல்லியும் இருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குள்ளே இருப்பதும் அவருக்குள்ளே கேட்பதும் ஒரே ஆள்தான் என்று தெரிந்துபோயிருந்தது. சைஸ் ஒன்றாகவே போட்டேன். மூத்தவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

காதைச் சுற்றி வெட்டுவதற்காகப் படத்தை நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். திரையில் முகம் போய், வெறும் பழுப்புக் கட்டங்கள் மட்டும் நின்றன. சற்றுமுன் சிரித்துக்கொண்டிருந்தவர் அதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? சொக்கப்ப நாயக்கன் தெருவில் நான் தூங்கி வழிந்துகொண்டே கேட்ட கேள்வி, வேலைக்கு நடுவில் மவுஸைப் பிடித்திருந்தபோது தானாகவே வந்தது. ஞானம் எதுவும் வந்துவிடவில்லை. காதை ஒழுங்காக வெட்டி முடித்தேன். ஆனால் உட்கார்ந்து செய்கிற தியானம் ஒன்று, பிழைப்பு இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்தது அதோடு போயிற்று.

ரமணரைப் பற்றிப் படித்தபோது அச்சகத்துக்காரனாக எனக்குப் பிடித்துப்போனது வேறு விஷயங்கள். ஆசிரமப் புத்தகங்களுக்கு அவரே புரூஃப் பார்த்திருக்கிறார். கட்டு விட்டுப்போன புத்தகங்களைப் பைண்டிங் செய்திருக்கிறார். இலை தைத்திருக்கிறார், விடிவதற்கு முன்பே அடுக்களையில் காய் நறுக்கியிருக்கிறார். முள் நிறைந்த ஒரு கிளையை எடுத்து, முள்ளெல்லாம் சீவி, தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று கைத்தடியாக்கி, அந்த வழியே வந்த ஆட்டுக்காரப் பையனிடம் கொடுத்துவிட்டார் என்று ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். மதுரையைவிட்டுப் போகும்போது எழுதிவைத்த கடிதமும் அப்படித்தான். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் பணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டோடு வைத்துவிட்டுப் போன சீட்டு. தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதியவர், கையெழுத்து போடுகிற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டார். போஸ்டருக்கு அடியில் அச்சகத்தின் பெயர் வரும், டிசைனர் பெயர் வராது. எத்தனையோ நாள் அது எனக்குக் குறையாக இருந்தது.

அந்தக் குறை தானாகத் தேய்ந்ததற்குத் தியானத்தைவிடத் தூரிகைதான் அதிகம் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் ஏரியாவில் கடைப் பலகை எழுதிவந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்தபின் பலகை எழுத ஆளைக் கூப்பிடுவது நின்றுபோனது. இப்போது கோயில் சுவரில் உபயம் எழுதவும், ஆட்டோ பின்புறம் பெயர் எழுதவும் எப்போதாவது போகிறார். அவரிடம் போய், கையால் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அம்புட்டு எழுத்து இருக்கையில ஒனக்கு எதுக்குய்யா இது?" என்றார். இருந்தாலும் சொல்லிக்கொடுத்தார்.

நீலம் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் பலகையில் கோடு விழும். இடது கையில் துணி சுற்றிய குச்சியை ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொள்ள வேண்டும். தட்டைத் தூரிகையில் எனாமல் எடுத்து, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, 'ழ'வின் வளைவைத் தூக்காமல் ஒரே இழுப்பில் கொண்டுபோய்க் கீழே சுழிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடம் காய்ந்த பிறகும் தெரியும். நான் இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "மூச்ச விட்டுக்கிட்டே இழுய்யா. அடக்கினா கை நடுங்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுத்தப் பாரு. நல்லா வருதான்னு பாக்காத" என்று இன்னொன்றும் சொன்னார். அவர் எந்த ஆசிரமத்துக்கும் போனவராகத் தெரியவில்லை.

காலையில் கடை திறக்குமுன் ஓர் எழுத்து மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். போன் மேஜை இழுப்பறைக்குள். கணினி அணைந்திருக்கும். பழைய காலண்டர் பின்பக்கத்தில் போஸ்டர் கலர்தான், எனாமல் கட்டுப்படியாகாது. சரியாக வந்தால் 'நல்லா எழுதுறோம்ல' என்று ஓர் ஆள் எழுந்து உட்காருவான், அடுத்த இழுப்பு கெடும். இது ஒவ்வொரு நாளும் அச்சுப்பிசகாமல் நடக்கிறது. அவன் எழுவதற்கும் கோடு கோணுவதற்கும் நடுவில் இருக்கிற அந்த நொடியைப் பார்ப்பதுதான் நான் கண்ட விசாரணை. கண்ணை மூடியிருந்தபோது அவனைப் பிடிக்கவே முடிந்ததில்லை. காகிதத்தில் தடயம் விட்டுவிடுகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு மாங்குளம் போனேன். மேலூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்து மலை. குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காகப் பாறையிலேயே வெட்டிய படுக்கைகள், மேலே தமிழ்ப் பிராமி எழுத்துகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை, 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டு வெளியே சொன்னவை. கணி நந்தன் என்ற முனிவருக்கு, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி செய்துகொடுத்த உறைவிடம் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர், வாங்கியவர், அரசர் என்று எல்லாப் பெயரும் முறையாக வந்துவிட்டன. பார்த்ததும் எனக்குத் தொழில்புத்திதான் வந்தது: இதுவும் உபயதாரர் போஸ்டர்தான். உளி பிடித்தவரைப் பற்றி அதில் பேச்சில்லை. பெரியவர் எழுத்துகளை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நூல் அடிக்காம வெட்டியிருக்காய்ங்க, பாரு, லைன் ஏறி எறங்குது" என்றார்.

சமீபத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் பெயரைக் கையால் எழுதி ஸ்கேன் செய்து வைத்தேன். வந்தவர்களுக்குப் பிடித்துப்போய், சொந்தக்காரர்களையும் அனுப்பிவைத்தார்கள். முதலாளி உடனே கணக்குப் போட்டுவிட்டார். கையெழுத்துப் பத்திரிகைக்குத் தனி ரேட், வாசலில் ஒரு போர்டு, அதில் என் பெயர். பெயர் போடலாம் என்று அவர் சொன்ன நொடியில் முதுகு நிமிர்ந்ததைக் கவனித்தேன். தனி ரேட் சரி, போர்டு வேண்டாம், ஒரு திருத்தத்துக்கு மேல் செய்யமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். "ஒரே திருத்தம்னா மதுரையில எவன்டா வருவான்?" என்கிறார் அவர். தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு யாராவது ஆர்டர் கொடுத்துவிடுவார்களே, அப்போது என்ன செய்வாய் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு திருத்தம் என்று இறங்கி வந்திருக்கிறேன். அவர் நாலில் நிற்கிறார்.