ஆளுன்னா சட்டம், காசுன்னா வட்டி

மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் பாம்பன் கரையோரம் சும்மா கெடக்கு, பகல்ல கிழிஞ்ச வலை தைக்கிறவங்க பக்கத்துல உக்காந்து கதை பேசுறது, ராத்திரி போன்ல பழைய பிரிட்டிஷ் பார்லிமென்ட் பேச்சுங்கள படிக்கிறதுன்னு போகுது நம்ம பொழப்பு. சிரிக்காதீங்க, நல்ல டைம்பாஸ்தான்.

அதுல ஒரு மனுசன்கிட்ட மாட்டிக்கிட்டேன். பிலிப் ஸ்னோடன், பிளாக்பர்ன் ஊரு லேபர் எம்பி, முதுகுத்தண்டு பாதிச்சு கம்பு ஊணி நடக்குறவர், அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி எக்சைஸ்ல, அதாவது கலால் வரி இலாகாவுல, வேலை பாத்ததால வரி சமாச்சாரம் அத்துப்படி. நம்ம பழைய பாம்பன் பாலம் தொறந்த அதே 1914லதான் அங்க மொத உலக யுத்தம் ஆரம்பிக்குது (செப்டம்பர்ல எம்டன் கப்பல் மெட்ராஸ்ல குண்டு போட்டுச்சே, அதே யுத்தம்). மொதல்ல இஷ்டப்பட்டவன் மட்டும் பட்டாளத்துக்குப் போனான், 1916 ஜனவரியில சட்டம் போட்டு 18லருந்து 41க்குள்ள இருக்குற கல்யாணம் ஆகாதவன எல்லாம் இழுத்தாங்க, மே மாசமே கல்யாணம் ஆனவனும் வான்னுட்டாங்க. கொல்ல மாட்டேன், மனசாட்சி ஒத்துக்கலன்னு நின்னவங்கள்ல கொஞ்சப் பேர பிரான்சுக்கே கொண்டுபோயி 35 பேருக்கு மரண தண்டனைன்னு தீர்ப்பு வாசிச்சு, அதே மூச்சுல பத்து வருஷ ஜெயில்னு மாத்துனாங்க. இந்த ஆளுங்களுக்காக சபையில விடாம கேள்வி கேட்டவர் ஸ்னோடன், சுத்தி எல்லாரும் முறைக்கும்போது.

சரி, காசுக்கு என்ன பண்ணாங்க? வருமான வரிய ஏத்துனாங்கதான், பவுண்டுக்கு (20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) 1 ஷில்லிங் 2 பென்ஸ் இருந்தது 1918ல 6 ஷில்லிங், அதாவது 30 சதவீதம். யுத்தத்துல கொழுத்த கம்பெனிங்களோட கூடுதல் லாபத்துக்கு 50ல ஆரம்பிச்சு 80 சதவீதம் வரைக்கும் வரி. ஆனா செலவுல பெரும்பங்கு கடன்தான், 1917ல 5 சதவீத வட்டிக்கு யுத்தக் கடன் பத்திரம் வித்தாங்க. ஸ்னோடன் கட்சிக்காரங்க கேட்டது இதத்தான், ஏழை வீட்டுப் பையன் உசுர சட்டம் போட்டு எடுக்குறீங்க, பணக்காரன் சொத்த மட்டும் வட்டி குடுத்து கெஞ்சி வாங்குவீங்களா, அதையும் சொத்து மேல பெரிய வரி போட்டு கட்டாயமா எடுங்க. டீக்கும் சர்க்கரைக்கும் வேற வரிய ஏத்தி வச்சிருந்தாங்க.

1918 எலெக்ஷன்ல ஜனங்க அவரத் தோக்கடிச்சுட்டாங்க. 1924ல நிதி மந்திரியா வந்து டீ, சர்க்கரை வரியக் கொறச்சாரு, ஆனா சொத்து மேல அந்தப் பெரிய வரி வரவே இல்ல, மந்திரியானதும் மனுசன் கஜானாவ இறுக்கிப் புடிச்சுட்டாருன்னுதான் எனக்குத் தோணுது.

இத நேத்து மாமாகிட்ட சொன்னேன். முப்பது வருஷமா கடலுக்குப் போறவரு, டீசல், ஐஸ், வியாபாரி கழிவு எல்லாம் போக மிச்சத்துலதான் அவருக்குப் பங்கு, முன்பணம் வாங்குன எடத்துலயேதான் மீனப் போடணும், அவன் சொல்றதுதான் வெலை. வலை ஊசிய வாயில கவ்விக்கிட்டே முழுசா கேட்டுட்டு, ஊசிய எடுத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாரு:

"அது சரி மாப்ள, அந்த வட்டிய எவன் கட்டுனான்?"

வரியிலருந்துதான் மாமான்னேன். மறுபடி ஊசிய வாயில வச்சுக்கிட்டாரு.